வாசிகசாலைக்குக் கணினி வரும்போது

ஸ்காபரோ, ரொறன்ரோ
2024 நவம்பர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நமது சனசமூக நிலையத்து வாசிகசாலைக்குக் கணினியும் இணைய இணைப்பும் எடுக்கப்போவதாக எழுதி, இந்த நாட்டு நூலகங்கள் அவற்றை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இங்கு வந்த காலத்திலிருந்து நான் புழங்கும் இடம் அது என்பதால், அறிந்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள் உண்டு. நூறாவது கிளை 2015-இல் ஸ்காபரோவில்தான் திறக்கப்பட்டது. செலவின் பெரும்பகுதியை நகரசபை ஏற்கிறது. பெயரையும் ரொறன்ரோ முகவரியையும் காட்டும் ஆவணம் இருந்தால், காசில்லாமல் நூலக அட்டை தருகிறார்கள். குடியுரிமை இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. வேலையில்லாமல் இருந்த அந்தத் தொடக்க காலத்தில், என்னைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்ட முதல் இடம் அதுதான் என்பதை நான் மறக்கவே மாட்டேன். பிந்திக் கொடுக்கும் நூல்களுக்கான தண்டப்பணத்தையும் 2022-இல் முற்றாக நீக்கிவிட்டார்கள். தண்டத்துக்குப் பயந்து நூலகத்துப் பக்கமே வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பத்தினர் என்பதே அதற்குக் காரணம். நூலைத் தொலைத்தால் விலை கட்டத்தான் வேண்டும். நமது நிர்வாக சபையும் இதைப் பேசிப் பார்க்கலாம்.

இனி மின்னூல்கள். 'லிபி' (Libby) என்றொரு செயலியில் அட்டை எண்ணைக் கொடுத்தால், மின்னூலையும் ஒலிநூலையும் கைப்பேசியிலேயே இரவல் பெறலாம். தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும். பல நாடுகளின் நாளிதழ்களைப் படிக்கவும், திரைப்படம் பார்க்கவும், தொழிற்கல்விப் பாடங்களைக் கேட்கவும் தனித்தனிச் சேவைகள் உண்டு. உங்கள் மருமகள் கணக்கியல் பாடத்தை அப்படித்தான் படித்து வருகிறாள். ஆனால் மின்னூல் என்றால் எத்தனை பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தது பெரும்பாலும் நடப்பதில்லை. பெரிய பதிப்பகங்களின் நூலைப் பொறுத்தவரை, நூலகம் வாங்குவது நூலை அல்ல, அதை வழங்கும் உரிமத்தையே. ஓர் உரிமத்தின்கீழ் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே கொடுக்கலாம். மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். பல உரிமங்கள் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும், விலையும் அச்சு நூலைவிட அதிகம். அலுமாரியில் இருக்கும் தாள் நூல் தலைமுறைகளுக்கு உழைக்கும். இதுவோ வாடகைக்கு எடுத்த வீடு போன்றது. ஆகவே கணினி வருகிறது என்பதற்காகப் புத்தகம் வாங்கும் பணத்தில் கைவைக்க விடாதீர்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசகருக்கு இன்றைக்கும் அச்சு நூல்களே பெரிய ஆதாரம். ஸ்காபரோக் கிளைகளில் தமிழ் நூல்களுக்கென்றே தனி அடுக்குகள் இருக்கின்றன. வேறு கிளையில் உள்ள நூலையும் இணையத்தில் பதிந்துவிட்டால், நமக்குப் பக்கத்திலுள்ள கிளைக்கே அனுப்பிவைக்கிறார்கள்.

கருவிகளைவிட நான் பெரிதாக மதிப்பது, அங்கே மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்யும் வேலையைத்தான். புதிதாகக் குடியேறியவர்கள் கூடி ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வட்டங்கள் நடக்கின்றன. படிவம் நிரப்பவும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவும், வேலை தேடவும் வழிகாட்டும் குடியமர்வு உத்தியோகத்தர்கள் சில கிளைகளில் இருக்கிறார்கள். வீட்டில் இணையம் இல்லாத குடும்பங்களுக்கு, புத்தகத்தைப்போலவே இணைய இணைப்புக் கருவியையும் இரவல் கொடுக்கும் திட்டம் உண்டு. தொலைபேசியில் அழைத்தால் பல மொழிகளில் சிறுவர் கதை கேட்கும் சேவையும் இருக்கிறது. அந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. உங்கள் பேத்தி அதைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பதைச் சித்தி பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். 2023 ஒக்டோபர் இறுதியில் இந்த நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் தாக்கிக் கப்பம் கேட்டார்கள். நூலகம் பணம் கொடுக்கவில்லை. இணையத்தளமும் நூற்பட்டியலும் பொதுமக்களுக்கான கணினிகளும் மாதக்கணக்கில் முடங்கின. திரும்பி வந்த நூல்களைப் பதிய வழியின்றிப் பெரிய பாரவூர்திப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். ஆனாலும் கிளைகளைத் திறந்தே வைத்து, நூல்களைத் தொடர்ந்து இரவல் கொடுத்தார்கள். அந்த ஊழியர்கள் மேல் எனக்கு அப்போது உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை. நமது வாசிகசாலைக் கணினியில் இரவல் பதிவேட்டை ஏற்றினாலும், கையெழுத்துப் பதிவேட்டை நிறுத்தாதீர்கள். ஏற்றியதன் பிரதியொன்றை இணையத்தோடு தொடர்பில்லாத வன்தட்டில் எடுத்து, வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.

கணினியில் முதலில் எதைச் செய்வது என்று கேட்டீர்கள் அல்லவா? 2005-இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில், இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்றப்பட்டிருக்கின்றன. அதற்கு அட்டையும் வேண்டாம், வரிசையும் இல்லை. ரொறன்ரோவில் இருந்து நான் படிப்பதைப் பருத்தித்துறையில் இருக்கும் பிள்ளையும் அதே நேரத்தில் படிக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத் திறந்து காட்டுங்கள்.

அதோடு, நமது வாசிகசாலை அலுமாரியின் கீழ்த்தட்டில் கட்டுக்கட்டாக இருக்கும் பழைய ஆண்டு மலர்களும் கோயில் மலர்களும் வேறெங்கும் இல்லாமலிருக்கலாம். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏடுகளும் போயின என்று நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். கறையான் எடுக்குமுன் அவற்றின் பெயர், ஆண்டு, நிலை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். 'நூலகம்' தளத்தில் ஏற்கெனவே இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று ஒப்பிட்டுப் பார்த்து, வருடுவதற்குக் (ஸ்கேன் செய்வதற்குக்) கொடுக்கவேண்டியவற்றைக் குறித்து அனுப்புகிறேன். வருடும் கருவி வாங்குவதானால் அதற்கான பணத்தை நானும் உங்கள் மருமகளும் தருகிறோம். விலை விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்