மவுஸ் நகர்ந்துவிட்டது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காவுக்கும், மேல்மாடித் தம்பிக்கும், லாக் கோப்பை வரி விடாமல் படித்த நண்பருக்கும்,

வணக்கம். அன்று இரவு போனிலேயே நன்றி சொல்லிவிட்டேனே என்பீர்கள். அது அரைத் தூக்கத்தில் சொன்னது, கணக்கில் சேராது. நடந்ததை நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதினால் இதே பள்ளத்தில் விழப் போகிறவருக்கும் உதவும் என்று சொன்னதும் அக்காதான். பெயர் போடாதே என்றீர்கள், போடவில்லை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என் மேசைக்கணினியில் ஓடுவது லினக்ஸ். திரையில் ஜன்னல்களைக் காட்டுவது, கீபோர்டும் மவுஸும் சொல்வதைக் கேட்டு உரிய ஜன்னலுக்கு அனுப்புவது எல்லாம் அதில் எக்ஸ் சர்வரின் வேலை. அதற்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. அப்டேட் கொடுத்ததும் எவையெல்லாம் சேரும், எவையெல்லாம் நீக்கப்படும் என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. காலையில் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் பாதி வடிவமைப்பில் நின்றது. பட்டியலை யார் படிப்பது? சம்மதம் என்று 'ஒய்' தட்டி என்டர் அடித்தேன்.

மறுபடி கணினியைத் தொடங்கியபோது உள்நுழைவுத் திரை அழகாக வந்தது. நடுவில் அம்புக்குறி. மவுஸை அசைத்தேன், அம்பு அசையவில்லை. கீபோர்டில் எதைத் தட்டியும் கடவுச்சொல் கட்டத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. யுஎஸ்பி துளைகளை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். மேல்மாடித் தம்பி தன் கீபோர்டையும் மவுஸையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். அவையும் ஊமை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம் என்று பென்டிரைவைத் தேட ஆரம்பித்தபோதுதான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா, நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "திரையில மூலையில கடிகாரம் இருக்குல்ல, அது ஓடுதா?" ஓடியது. "அப்போ மெஷினுக்கு உயிர் இருக்கு. காதுதான் அடைச்சிருக்கு. பென்டிரைவை எடுத்த இடத்துலயே வை." பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் ஒரே ஒரு தட்டு தட்டச் சொன்னீர்கள். ஒழுங்காக மூடிக்கொண்டது. திரும்பத் தொடங்கும்போது லினக்ஸ் எழும் முன்பே ஓடும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் அம்பு விசைகளை அழுத்தச் சொன்னீர்கள். மெனு மேலும் கீழும் ஓடியது. கீபோர்டு, வயர், துளை என்று நான் சந்தேகப்பட்ட பாதி விஷயங்கள் அந்த ஒரு நிமிஷத்தில் கழிந்துபோயின.

அதன் பிறகு வழுக்கல்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும் என்று எனக்குத் தெரியும், வரவில்லை. ஏன் என்று நீங்கள் சொன்னபோது பாதி பயம் போனது. வரைகலைத் திரை ஓடும்போது அந்த மூன்று விசைகளையும் கவனித்துத் திரையை மாற்றுவது எக்ஸ் சர்வரே. அதன் காதே அடைத்திருந்தால் கெஞ்சியும் பயனில்லை. லினக்ஸின் உட்கருவான கெர்னல் நேரடியாகக் கேட்கும் விசைக்கூட்டு ஒன்று உண்டு: ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன், ஆர். கீபோர்டை எக்ஸிடமிருந்து அது பிடுங்கித் தரும். அதுவும் பலிக்கவில்லை. பிற்பாடு பார்த்தால் என் கணினியில், அனுமதித்த விசைக்கூட்டுகளின் எண்களைக் கூட்டி வரும் அனுமதி எண் 176. வட்டில் எழுதி முடிக்க 16, படிக்க மட்டும் என்று மாற்ற 32, மறுதொடக்கத்துக்கு 128. கீபோர்டுக்கான 4 அந்தக் கூட்டலில் இல்லை. தம்பியின் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கணினியிலிருந்து நுழையும் வழி) மூலமாக நுழையப் பார்த்தோம், அதை நான் இயக்கியே வைத்திருக்கவில்லை. "கதவு எல்லாத்தையும் நீயே பூட்டிட்டு சாவியை உள்ள வச்சிருக்க" என்றீர்கள். திட்டியதற்கும் சேர்த்து நன்றி.

கடைசியில் வழி விட்டது, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப். மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கோடியில் ஓர் இடைவெளி விட்டு 3 என்று சேர்த்து, எஃப்10 அழுத்தினேன். வரைகலை இல்லாத வெறும் கறுப்புத் திரை வந்தது. பெயரைத் தட்டினேன். எழுத்து விழுந்தது! நான் போட்ட கத்தலில் தம்பி கையிலிருந்த போனைக் கீழே விட்டுவிட்டான்.

அடுத்த நிமிஷமே வயிறு கலங்கியது. கோப்புகளைப் பட்டியலிட்டால் தமிழில் பெயர் வைத்த அத்தனையும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. புத்தகம் போயிற்று என்றே நினைத்தேன். அந்தக் கறுப்புத் திரைக் கன்சோலின் எழுத்துருவில் அதிகம் போனால் 512 வடிவங்களுக்குத்தான் இடம், ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவும் அதற்குத் தெரியாது, கோப்புக்குள் எதுவும் கெடவில்லை என்று அக்கா அடித்துச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

தம்பி, இனி உன் பங்கு. மவுஸின் பேச்சு கெர்னல் வரைக்குமாவது போகிறதா என்று பார்க்க, சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு, கோப்பில் இருப்பதைத் திரையில் கொட்டும் கேட் கட்டளையில் மவுஸின் சாதனக் கோப்பைத் திறக்கச் சொன்னார் அக்கா. நீ மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினாய். திரையில் கேள்விக்குறியும் கிறுக்கலுமாகக் கொட்டியது. நிறுத்தினாய், நின்றது. மறுபடி நகர்த்தினாய், மறுபடி கொட்டியது. அவ்வளவு அழகான குப்பையை நான் பார்த்ததில்லை. ஆக, கெர்னலுக்குக் கேட்கிறது, எக்ஸுக்குத்தான் கேட்கவில்லை.

நண்பரே, எக்ஸ் தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பில் பிழை வரிகளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இரட்டை 'ஈ' போட்டிருக்கும். அவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்து, இதில் ஒன்றுமில்லையே என்று நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான் முழுக் கோப்பையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னீர்கள். இருபது நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு ஒரு படத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினீர்கள். கீபோர்டின் பெயர், அதற்குக் கீழே 'உள்ளீட்டு டிரைவர் எதுவும் குறிப்பிடப்படவில்லை, இந்தச் சாதனம் தவிர்க்கப்படுகிறது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. மவுஸுக்கும் அதே வரி. வரியின் தலையில் இரட்டை 'ஐ', அதாவது வெறும் தகவல்! வீட்டில் இருக்கிற ஒரே கதவை அடைத்துவிட்டு, 'தகவலுக்காக' என்று சீட்டு ஒட்டியது போல.

மிச்சம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மென்பொருள் பொதிகளை நிறுவி நீக்கும் ஆப்ட்டின் வரலாற்றுக் கோப்பில் நான் 'ஒய்' தட்டிய நேரத்துக்கு நேரே, நீக்கப்பட்டவற்றின் வரிசையில், கீபோர்டு, மவுஸ் பேச்சை எக்ஸுக்குப் புரியவைக்கும் லிப்இன்புட் டிரைவர் பொதி உட்கார்ந்திருந்தது. எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்று எக்ஸுக்குச் சொல்லும் சின்ன அமைப்புக் கோப்பும் அந்தப் பொதியோடு சேர்ந்தே போயிருந்தது. தம்பியின் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி இணையம் வாங்கினோம். எக்ஸ்சர்வர்-எக்ஸார்க்-இன்புட்-ஆல் என்ற பொதியை நிறுவினோம். சில வெளியீடுகளில் புதிய எக்ஸ் சர்வரின் பொதிப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும். அப்படி இருந்தால் இன்புட் பொதிக்கும் அதே வால் வேண்டும். மறுதொடக்கம். அம்பு நகர்ந்தது.

நேரில் பார்த்திராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஜன்னல்களைத் திரையில் காட்டும் வெஸ்டன் என்ற திட்டத்துக்குள் இருந்த உள்ளீட்டுப் பகுதியைப் பிரித்து லிப்இன்புட்டைத் தொடங்கிவைத்த யோனாஸ் ஓடாலுக்கும், 2015இல் அதன் 1.0 பதிப்பைக் கொண்டுவந்து வருஷக்கணக்கில் பராமரித்துவரும் பீட்டர் ஹட்டரருக்கும் என் வணக்கம். அதற்கு முன் பெரும்பாலும் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஈவ்டெவ், டச்பேடுக்கு சினாப்டிக்ஸ் என்று தனித்தனி டிரைவர்கள் இருந்தன. இத்தனை நாளும் என் விரல் பட்டதெல்லாம் இவர்கள் எழுதியதன் வழியாகத்தான் திரைக்குப் போனது, ஒரு ராத்திரி அது இல்லாமல் போனபோதுதான் பெயர் தெரிந்துகொண்டேன்.

அக்கா, எஸ்எஸ்ஹெச் இப்போது இயங்குகிறது. அனுமதி எண்ணில் 4 கூட்டி 180 ஆக்கிவிட்டேன். நண்பரே, நீங்கள் சிவப்பு வட்டம் போட்ட படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். புத்தகம் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. தம்பி, உன் யுஎஸ்பி கேபிள் என் மேசையிலேயே கிடக்கிறது, கீழே வரும்போது எடுத்துக்கொள். போன் கண்ணாடியில் விழுந்த கீறலுக்கு என்ன செய்வது என்றும் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
'ஒய்' தட்டியவன்