இரவில் எத்தனை பேர்? – முதியோர் இல்லங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் பெரியம்மா விஷயமாக நாங்கள் கொடுத்த புகார் உங்களிடம் இருக்கிறது. எந்த இல்லம், என்ன நடந்தது, யார் என்ன விளக்கம் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்பிலேயே உண்டு. இல்லத்தின் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. "விசாரித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை" என்ற உங்கள் பதிலும் வந்து சேர்ந்தது. நன்றி. விசாரிக்க வந்தவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிட்டு, காலை பதினொரு மணிக்கு வந்து, டீ குடித்துவிட்டுப் போனதாக அங்கே சமையல் செய்யும் அம்மா சொன்னார். காலை பதினொரு மணிக்கு எங்கள் கண்ணுக்கும் அந்த இல்லத்தில் ஒரு குறையும் பட்டதில்லை.

ஆகவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மறதி நோய் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு இல்லமும், ராத்திரியில் எத்தனை முதியவர்களை எத்தனை பணியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதி வாசலில் மாட்ட வேண்டும். எழுதியிருப்பது உண்மைதானா என்று நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும்.

பெரியம்மா வாழ்நாள் முழுக்க மாடு வைத்திருந்தவர். சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதற்காக விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து பழகிய உடம்பு. மறதி வந்து மகன் பெயர் போய்விட்டது, சாப்பிட்டோமா இல்லையா என்பது போய்விட்டது, அந்த மூன்று மணி மட்டும் போகவில்லை. எழுந்ததும், "ஏங் கண்ணு, செவலைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் தேடுவார். வீட்டில் இருந்தவரை யாராவது ஒருவர் கூடவே எழுந்து, "காட்டியாச்சுங்க பெரியம்மா" என்று சொல்லிக் கையில் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்தால் போதும். கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு அவராகவே போய்ப் படுத்துக்கொள்வார். இதற்கு மாத்திரை வேண்டாம், டாக்டர் வேண்டாம். விழித்திருக்கிற ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. அண்ணன் மஸ்கட்டில். அண்ணிக்கு முதுகில் ஆப்பரேஷன். நான் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். பெற்றவளை ஹோமில் தள்ளிவிட்டான் என்று அண்ணனைப் பற்றி ஊரில் பேசுகிறவர்களில் ஒருவர்கூட ராத்திரி மூன்று மணிக்கு வந்து காப்பி போட்டுக் கொடுக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதினால் மடல் வேறு பக்கம் போய்விடும்.

சேர்ப்பதற்கு முன் நாங்கள் விசாரிக்காமல் இல்லை. பார்த்த எல்லா இல்லங்களிலும் புல்வெளி இருந்தது, யோகா படம் இருந்தது, ஓணத்துக்குப் பூக்களம் போட்ட படம் இருந்தது. முன்பணம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, டயப்பருக்குத் தனிக் காசா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கூட வரும் ஆளுக்கு யார் கொடுப்பது என்று எதைக் கேட்டாலும் பதில் வந்தது. ராத்திரியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால் மட்டும் "24 மணி நேர நர்சிங்" என்பார்கள். அது எண்ணிக்கை இல்லையே என்றால் ஒரு சிரிப்பு. ராத்திரி ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்றால், "மற்ற அந்தேவாசிகளுக்கு (தங்கியிருப்பவர்களுக்கு) தொந்தரவு." சரி என்று, இருப்பதில் சுத்தமாகத் தெரிந்த ஒன்றில் சேர்த்தோம்.

ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் நேராக அங்கே போனேன். வாட்ச்மேன் புதிது, பார்வையாளர் நேரம் அவருக்குத் தெரியவில்லை, உள்ளே விட்டுவிட்டார். பெரியம்மாவின் இடது மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பழைய பெட்ஷீட்டைக் கிழித்த துணி, இரட்டை முடிச்சு. எழுந்து உட்காரும் அளவுக்குக்கூட நீளம் விடவில்லை. பெரியம்மா கன்றுக்குட்டியைக்கூட அத்தனை குட்டையாகக் கட்ட மாட்டார். துணிக்கு அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நைட்டியும் விரிப்பும் நனைந்து, ஈரம் ஆறிக் குளிர்ந்துவிட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. வலது கையால் அந்த முடிச்சைத் தடவித் தடவி, எந்த முனையை இழுத்தால் அவிழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஹாலிலும் அடுத்த ஹாலிலுமாக இருந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பணியாளர். அசாமிலிருந்து வந்த பிள்ளை, இருபது வயதுதான் இருக்கும். முந்தின நாள் பகல் ட்யூட்டியும் அவளே பார்த்திருக்கிறாள். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நடந்தால் ஒருத்தி யாரைப் பிடிப்பாள்? நிர்வாகி வந்தார். "கட்டாவிட்டால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள், அப்புறம் நீங்கள்தான் கேஸ் போடுவீர்கள். ஆள் கிடைக்கவில்லை சார், நாங்கள் என்ன செய்ய?" என்றார்.

ஆள் கிடைக்கவில்லை என்ற இந்தக் காரணத்தைத்தான் சட்டம் பெயர் சொல்லியே மறுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆம் பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம். அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். பணியாளர் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டவே கூடாது. எனக்கே கிடைத்த பிரிவு உங்கள் அலமாரியில் இல்லாமல் இருக்காது. "நாங்கள் மனநல நிலையம் அல்ல, வெறும் முதியோர் இல்லம்" என்று நிர்வாகி உங்களிடம் சொல்லியிருப்பார். விளம்பரத்தில் மட்டும் மறதி நோய்ச் சிறப்புப் பராமரிப்பு. தீர்மானிக்கும் திறனைக் கடுமையாகக் குலைக்கிற நினைவாற்றல் கோளாறும் அந்தச் சட்டம் சொல்லும் மனநோய் விளக்கத்துக்குள் வருகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நானா, நீங்களா?

கட்டிப்போட்டால் விழ மாட்டார்கள் என்பதும் பாதிதான் உண்மை. கட்டியே கிடந்தால் காலில் பலம் போகும், படுக்கைப் புண் வரும், கட்டிய துணியை உதறும்போதே அடிபடும். தரையோடு ஒட்டின தாழ்வான கட்டில், கக்கூஸ் வரைக்கும் அணையாத ஒரு சின்ன விளக்கு, ராத்திரி இரண்டு மூன்று முறை தாங்களே எழுப்பிக் கூட்டிப்போவது என்று வழிகள் இல்லாமலா இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், அவ்வளவுதான். துணியை அவிழ்க்கச் சொன்னால் சில இடங்களில் தூக்க மாத்திரைக்கும் மனநோய் மருந்துக்கும் போய்விடுகிறார்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் புதுவகை மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்துவிட்டது. அதனால்தான் கட்டாதீர்கள் என்று மட்டும் உத்தரவு போட்டுவிடாதீர்கள் என்கிறேன். ராத்திரி ஆள் எத்தனை என்பதை எழுதி மாட்டச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் துணிக்கும் மாத்திரைக்கும் பாதி வேலை இருக்காது.

ராத்திரியில் சோதனை செய்ய ஆள் இல்லை என்று சொல்வீர்களோ என்னவோ. மீனாட்சிபுரத்தில் பால் சோதனைச் சாவடி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் டேங்கர் லாரியை நிறுத்தி, பாலை எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் விடுகிறார்கள். ஓணம் வந்துவிட்டால் அங்கே ராவும் பகலும் வேலை. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஐம்பது வருஷம் பால் கறந்து ஊற்றிய கை கட்டிலில் கட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க மட்டும் அரசாங்கத்துக்குக் காலை பதினொரு மணிதான் வாய்க்கிறது. முதியவர்களையும் டேங்கரில் ஏற்றிக் கொண்டுவந்தால் யாராவது திறந்து பார்ப்பீர்களோ?

மன்னிக்கவும். கோபத்தில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது.

"கோயம்புத்தூருக்கே கொண்டுபோய்விடுங்களேன், பக்கம்தானே" என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் யோசனை சொன்னார். பக்கம்தான். பெரியம்மாவின் பென்ஷனும் ரேஷன் கார்டும் இந்தப் பக்கம். எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டிவிட்டால் அங்கே நடக்கும் எதற்கும் நீங்கள் பொறுப்பில்லை, அங்கிருப்பவர்களுக்கு நாங்கள் வெளி மாநிலம். எல்லையில் இருப்பவர்களை இரண்டு பக்கமும் இப்படி அடுத்த பக்கத்துக்குக் கைகாட்டிவிடுவது புதிதில்லை.

மறதி நோய்க்கான நாட்டின் முன்னோடிச் சங்கம் 1992இல் தொடங்கியது கொச்சியில்தான். அரசே முன்வந்து குன்னங்குளத்தில் பகல் பராமரிப்பு மையமும், எடவனக்காட்டில் தங்கிப் பார்க்கும் இல்லமும் தொடங்கியதும் இந்த மாநிலத்தில்தான். 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருக்கும் எடவனக்காட்டில் இடம் கேட்கவில்லை. தனியார் இல்லத்தைத் தேடிப் போகிறவன் காசு கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு கணக்கைக் கேட்கிறேன்.

இத்தனை படுக்கை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை இத்தனை பணியாளர். அவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் இத்தனை பேர். இன்றைய தேதி. இதை எழுத ஒரு கரும்பலகையும் சாக்பீசும் போதும். தணிக்கைக்கு வருகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து, பலகையைப் படித்துவிட்டு, உள்ளே போய் ஆட்களை எண்ணட்டும். அனுமதியைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணிக்கையையும் கோப்பில் சேருங்கள். கட்டினால் எப்போது, யார் உத்தரவில் என்று பதிவேட்டில் எழுதி, உறவினர் கேட்டால் காட்டச் சொல்லுங்கள்.

பெரியம்மாவை இப்போதைக்கு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் வந்து கைப்புண்ணுக்கு மருந்து போடுகிறார். அண்ணியால் இதற்குமேல் முடியாது. அடுத்த இல்லத்தைத் தேட ஆரம்பித்திருக்கிறோம். நாங்கள் முன்பணம் கட்டுவதற்குள் இந்த உத்தரவைப் பிறப்பித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மடலைத் தமிழில் எழுதியிருக்கிறேன், அரசியல் சட்டம் 350ஆம் பிரிவில் அதற்கு இடம் தருகிறது. மொழிபெயர்ப்புக்குப் போயிருக்கிறது என்ற காரணத்தைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். பதில் மலையாளத்தில் வந்தாலும் நாங்கள் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு தங்கை மகன்