மிகுபுனைவு வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி இந்த ஆண்டின் கூட்டங்கள் யாவும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தன: மிகுபுனைவில், அதாவது மந்திரமும் விந்தையும் நிறைந்த கற்பனைக் கதைகளில், இல்லாத ஓர் உலகத்தை வாசகர் எப்படி நம்புகிறார்?

தொடக்கம் இலக்கணத்திலிருந்து. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காக வகுக்கும்போது 'பொருள்மரபில்லாப் பொய்ம்மொழி'க்கும், அதாவது உலகில் நடவாததைச் சொல்லும் கட்டுக்கதைக்கும், இடம் தருகிறது. யானையும் குருவியும் நட்புக் கொண்டு திரிந்த கதையைப் பழைய உரை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. இல்லாத பொருளை உவமையாக்கும், அணியிலக்கணத்தின் இல்பொருளுவமையும் இந்த வேலைதான். பொன் உண்டு, மழை உண்டு, பொன்மழைதான் இல்லை. கற்பனை தெரிந்ததைப் பிரித்து வேறு விதமாகக் கோக்கிறது. அடுத்து, அவநம்பிக்கையை வாசகர் தாமே ஒதுக்கிவைக்கிறார் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் எழுதியதையும், அது போதாது, எழுத்தாளர் படைக்கும், உள்ளே ஒழுங்குள்ள 'இரண்டாம் உலகம்' வேண்டும் என்று 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மறுத்ததையும் படித்தோம். விவாதம் டோல்கீன் பக்கம் சாய்ந்தது. சாய வேண்டியதுதான்.

எழுத்துப் பயிலரங்கிற்குப் பறக்கும் யாளியை எடுத்துக்கொண்டோம். குதிரையளவு யாளியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு. அதாவது ஒவ்வொரு சதுர அடி இறக்கைக்கும் சுமை இரட்டிப்பு. இறக்கையை இன்னும் பெரிதாக்கலாம், உடலை மெலிய வைக்கலாம், இல்லையேல் மந்திரத்தால் தூக்கலாம். பெரும்பாலோர் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மந்திரம் எவ்வளவு நேரம் நிற்கும், தீர்ந்தால் யாளி எங்கே விழும் என்று எழுதியவர்கள் குறைவு. விலையில்லாத மந்திரம் கதையைக் கெடுக்கிறது, ஏனென்றால் எந்தச் சிக்கலிலும் பாத்திரம் உண்மையாக மாட்டிக்கொள்வதில்லை. உச்சக்கட்டத்தில் திடீரென்று முளைக்கும் புதுச் சக்தியும் இதே நோய்தான்.

ஒரு விதியை முழுக்க எண்ணிப் பார்ப்பதற்குப் பாடமாக, அமெரிக்க எழுத்தாளர் லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்ஸீ என்ற கற்பனை உலகின் நாவல்களை வைத்துக்கொண்டோம். உண்மைப் பெயர் தெரிந்தவருக்கு அந்தப் பொருளின் மேல், ஆளின் மேல் அதிகாரம் உண்டு என்பது அங்கே விதி. ஆகவே மனிதர்கள் பெயரை மறைக்கிறார்கள், புழங்க இன்னொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தம் பெயரைச் சொல்வதே நட்பின் உச்சமாகிவிடுகிறது. ஒரே விதிதான், நடத்தை, உறவு, பயம் எல்லாம் அதிலிருந்து கிளைக்கின்றன.

வரைபடப் பயிற்சியில் பழைய பிழைகளே திரும்பி வந்தன. ஆறு மலையேறியது. கடலை எட்டுமுன்பே காரணமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. நடந்து போகிறவர் நாளுக்கு 30 கிலோமீட்டர் கடப்பதே அதிகம், வண்டியும் மூட்டையுமாகப் போகும் படை பெரும்பாலும் அதைவிட மெதுவாகவே நகரும். 600 கிலோமீட்டரை மூன்றே நாளில் கடந்த படையைத் திருத்தி அனுப்பினோம். வரைபடத்தை முதலில் போட்டுவிட்டுக் கதையைத் தொடங்குவதே நல்லது.

வாசகர்களில், படிக்கும்போது மனக்கண்ணில் படமே தோன்றாதவர்களும் உண்டு. 2015இல் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயரிட்டார்கள். நிறத்தையும் உருவத்தையும் மட்டுமே அடுக்கும் வர்ணனை அவர்களைச் சேராது. யாளி இறங்கும்போது ஓடு அதிரட்டும், ஈரத்தோல் நாறட்டும்.

திருத்தக் குறிப்புகளுடன் எழுத்துப்படிகள் நூலக அலமாரியில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அடுத்த ஆண்டு, புனைவு உலகங்களில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அமைக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம் என்ற செயற்குழுவின் பரிந்துரையோடு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்