கோட்டையூர் சாலையில் உதவிய ஐயாவுக்கு

போன ஞாயிறு உச்சி வெயிலில் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி திரும்பும்போது, கோட்டையூருக்குச் சற்று முன்னால் அப்பாவின் மார்க் 2 அம்பாசிடர் நின்றுவிட்டது. ஆறினால் ஸ்டார்ட் ஆகும், சூடானதும் அணைந்துவிடும். நான் பெட்ரோல் பம்பையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

டிவிஎஸ் 50-இல் வந்த நீங்கள்தான், "பம்பை விடுங்க தம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டுங்க" என்றீர்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் அதன் உள்ளே, மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் கருகிக் கிடந்தது. சாவியைப் போடச் சொல்லி அதை விலக்கிக் காட்டினீர்கள். பெரிய நீலப் பொறி. பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் சூட்டில் செத்துவிடுவதால் பிளக்குக்குப் போகவேண்டிய வலு பாயிண்டிலேயே எரிந்து தீர்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. உங்கள் பையிலிருந்தே ஒரு கண்டென்சரை எடுத்து மாட்டினீர்கள். பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து, பாயிண்டைத் திறக்கும் கேம் மேடு உச்சிக்கு வரும்வரை ஃபேனைப் பிடித்து எஞ்சினை மெல்ல மெல்லத் திருப்பி, பாயிண்ட் இடைவெளியை 15 தௌவுக்கு (அங்குலத்தை ஆயிரமாக்கினால் 15 பங்கு) வைத்தீர்கள். அந்தப் பொறுமையை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

காசு வாங்கவில்லை. "அப்பா வண்டி, வித்துராதீங்க" என்று சொல்லிவிட்டு, பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

வீடுவரை வண்டி ஒருமுறைகூட இருமவில்லை ஐயா. மனமார்ந்த நன்றி. புதுக் கண்டென்சர் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று உங்கள் பையில் போட்டுக்கொள்ள.