உழக்கால் அளப்பதும் மூவருக்குப் பகிர்வதும்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த ஐந்து விடைத்தாள்களும் கிடைத்தன. பேத்திக்குக் காது குத்தல் நல்லபடியாக நடந்தது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இனி, பின்னங்களை வகுக்கும் கணக்கில் பிள்ளைகள் ஏன் தவறுகிறார்கள் என்ற உன் கேள்விக்கு வருகிறேன்.

3 ÷ 1/4 என்ற கணக்கை ஐந்து பேரும் 12 என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். 1/4 ÷ 3 என்ற அடுத்த கணக்குக்கும் மூன்று பேர் 12 என்றே எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி 1/3 என்கிறாள். ஒருவன் மட்டும் 1/12. நீ இதைக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூவரும் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்பதைப் பிடித்துக்கொண்டு, பின்னம் எங்கே நின்றாலும் அதைத் திருப்பிவிட்டார்கள். முதல் கணக்கில் பின்னம் இரண்டாவதாக நின்றதால் விடை தானாகச் சரியாக அமைந்துவிட்டது. ஆகவே, முதல் கணக்குக்கு அவர்கள் எழுதிய 12-ஐயும் புரிந்து போட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

வகுத்தல் குறி ஒன்றுதான், அது கேட்கும் கேள்விகள் இரண்டு. ‘இதற்குள் அது எத்தனை முறை அடங்கும்?’ என்பது ஒன்று. ‘இத்தனை பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு?’ என்பது இன்னொன்று. தமிழில் இரண்டுக்குமே ‘ஆல் வகு’ என்கிறோம். அதனால் கணக்கைப் போடும் முன், அதை ஒரு முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லச் சொல். உழக்கு என்பது கால் படி. 3 ÷ 1/4 என்பது, ‘மூன்று படி அரிசியை உழக்கால் அளந்தால் எத்தனை உழக்கு?’ 1/4 ÷ 3 என்பது, ‘ஓர் உழக்கு அரிசியை மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு படியில் எத்தனை பங்கு?’ ஒரு படிக்கு நாலு உழக்கு என்பதால் மூன்று படிக்குப் பன்னிரண்டு உழக்கு. முதல் விடை 12 முறை, 12 படி அல்ல. இரண்டாவது விடை 1/12 படி. விடைக்குப் பக்கத்தில் ‘முறை’ அல்லது ‘படி’ என்று எழுத வைத்தால் தப்பு உடனே கண்ணில் படும். ஓர் உழக்கைப் பகிர்ந்து ஆளுக்குப் பன்னிரண்டு படி வாங்க முடியாது என்று பிள்ளையே சொல்லிவிடும். (‘காலால் வகு’ என்று மட்டும் சொல்லாதே, சின்னப் பிள்ளைகளுக்குப் பாதம்தான் நினைவுக்கு வரும். ‘கால் பங்கால்’ என்று சொல்.)

1/3 என்று எழுதிய பெண்ணின் தாளை மறுபடி எடுத்துப் பார். ஓரத்தில் பட்டை வரைந்திருக்கிறாள். கால் பங்குக்கு நிழல் அடித்து, அந்தக் காலை மட்டும் மூன்றாகக் கோடு போட்டு, மூன்றில் ஒன்றைக் காட்டியிருக்கிறாள். யோசனை சரியானது. காலின் மூன்றில் ஒன்று என்பதும் உண்மைதான். ஆனால் விடை முழுப் பட்டையை வைத்துச் சொல்லப்பட வேண்டும். நிழல் படாத மற்ற மூன்று கால்களுக்கும் அதே கோடுகளைப் போட்டிருந்தால் பன்னிரண்டு துண்டுகள் தெரிந்திருக்கும். ஐவரில் விஷயத்துக்கு மிக அருகில் வந்தவள் அவள்தான். அவளுக்குத் தேவை அந்தக் கோடுகள் மட்டுமே.

இதற்குக் காகிதப் பட்டை நல்லது. நீளம் 24 செ.மீ. இருக்கட்டும். 24-ஐ 2, 3, 4, 6, 8, 12 எல்லாமே மீதியின்றி வகுக்கும், சாதாரண ஸ்கேலுக்குள்ளும் அடங்கும். முழுப் பட்டைதான் 1 என்று அதன் மேலேயே எழுதிவிடு. மூன்றில் ஒன்று 8 செ.மீ. அதை நாலாகப் பகிர்ந்தால் 2 செ.மீ. அந்த 2 செ.மீ. துண்டை முழுப் பட்டையின் மேல் வைத்து நகர்த்தி எண்ணினால் பன்னிரண்டு முறை வரும். ஆக 1/3 ÷ 4 = 1/12. மடித்துச் செய்ய விடாதே. பாதியும் காலும் மடிப்பில் வரும், மூன்றில் ஒன்று கோணலாகிவிடும், கோணலான துண்டு எண்ணிக்கையைக் கெடுக்கும்.

‘வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடுகிறது?’ என்று ஒரு பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதே. கரும்பலகையில் வரிசையாக எழுது: 12 ÷ 4 = 3, 12 ÷ 2 = 6, 12 ÷ 1 = 12, 12 ÷ 1/2 = 24, 12 ÷ 1/4 = 48. அளக்கும் பாத்திரம் சிறிதாகச் சிறிதாக, மொண்டு ஊற்றும் தடவை கூடும். இங்கே இன்னொரு குழப்பம் எட்டிப் பார்க்கும். ‘ஆறைப் பாதியாக வகு’ என்றால் 3. ‘ஆறை அரையால் வகு’ என்றால் 12. ‘ஆக’வுக்கும் ‘ஆல்’லுக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கலாம்.

பின்னங்களுக்கான நம் பழைய பெயர்களையும் சொல்லிக்கொடு. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/4 ÷ 2 = 1/8. படியில் அதுவே ஆழாக்கு. மா 1/20, அதை நாலாகப் பகிர்ந்தால் காணி, 1/80. காணியை நாலாகப் பகிர்ந்தால் முந்திரி, 1/320. அலகு பின்னத்தை (மேலே 1 நிற்கும் பின்னத்தை) முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பதும் அலகு பின்னமே என்பது இதில் பளிச்சென்று தெரியும். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. கெட்டிக்காரப் பிள்ளைகளிடம், உழக்கை மூன்றாகப் பகிர்ந்த பங்கை முந்திரிக் கணக்கில் சொல்ல முடியுமா என்று கேள். முடியாது, 320 மூன்றால் வகுபடாது.

கடைசியாகக் கொடுக்க ஒரு கணக்கு: ‘4 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் குடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைகிறது. குடம் எத்தனை லிட்டர் கொள்ளும்?’ இதுவும் 4 ÷ 1/3 தான், ஆனால் இங்கே எதுவும் எத்தனை முறை அடங்கும் என்று கேட்கவில்லை. ஒரு பங்கு தெரியும், முழுசு எவ்வளவு என்பது கேள்வி. அதனால்தான் 4 × 3. ‘ஏன் பெருக்குகிறோம்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. இது வந்தபின் தலைகீழ் விதியைச் சொல், அதற்கு முன் வேண்டாம்.

2 ÷ 1/5, 1/5 ÷ 2, 6 ÷ 1/2, 1/2 ÷ 6 ஆகிய நான்கையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதி அனுப்பு. விடைகளை அனுப்ப வேண்டாம், வாக்கியங்கள் போதும்.

உன்,
வசந்தா