மரிச்காவின் கதையையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆண்குரல் சேர்ந்திசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செக் இசையமைப்பாளர் லெயோஷ் யானாச்செக்கின் ‘மரிச்கா மக்தோனோவா’வுக்கு அதில் ஒரே ஒரு வரி, கம்பீரமான பாட்டு என்று. கம்பீரம்தான், ஆனால் அந்த ஆண்கள் எதைப் பாடுகிறார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பெத்ர் பெஸ்ருச் என்ற புனைபெயரில் தபால் துறை ஊழியர் ஒருவர் செக் மொழியில் எழுதிய கவிதை அது. சுரங்க நகரமான ஒஸ்த்ராவாவிலிருந்து வீடு திரும்பும் அப்பன் வழியில் சாராயக்கடையில் தங்குகிறான், அப்புறம் மண்டை உடைந்து பள்ளத்தில் கிடக்கிறான். நிலக்கரி வண்டி கவிழ்ந்து அம்மாவும் போய்விடுகிறாள். மிச்சம் ஐந்து பிள்ளைகள், மூத்தவள் மரிச்கா. குளிருக்குச் சுள்ளி பொறுக்கப் பிரபுவின் காட்டுக்குள் போகிறாள், ஊர்த்தலைவர் பார்த்துவிடுகிறார், காவலர் அவளை ஃப்ரீதெக் நகரத்துக்கு நடத்திக்கொண்டு போகிறார், ஊரே பார்த்துச் சிரிக்குமே என்ற அவமானம் தாங்காமல் வழியிலேயே ஒஸ்த்ராவிட்சே ஆற்றில் குதித்துவிடுகிறாள். அந்தப் பிரபுவின் சுரங்கத்தில் அப்பன்மார் சாகும்போது, அநாதைப் பிள்ளை அவன் காட்டில் ஒரு மடி விறகு எடுக்கக்கூடாதா என்று கவிதை அவளிடமே கேட்கிறது. என்ன சொல்கிறாய், மரிச்கா?

இந்த இடத்துக்காகத்தான் எழுதுகிறேன். வாத்தியம் எதுவும் கிடையாது, மேல்குரலும் கீழ்க்குரலும் ஆளுக்கு இரண்டாகப் பிரிந்து பாடுகின்றன, அவள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி: ஒருமுறை கூப்பிடுவது போல, ஒருமுறை கெஞ்சுவது போல, கடைசியில் ஒப்பாரி போல. பெண்குரலே இல்லாத ஒரு கூட்டம் ஒரு பெண் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, அவளைக் காப்பாற்றாமல் விட்ட ஊரே அங்கே நிற்பது போல எனக்குத் தோன்றும்.

இசையின் முதல் வடிவத்தை யானாச்செக் 1906இல் எழுதினார், திருப்தி இல்லாமல் மறுபடியும் எழுதினார். 1908இல் அதை முதலில் பாடியது ஃபெர்டினண்ட் வாஹ் நடத்திய மொராவிய ஆசிரியர் பாடகர் குழு. பெயர் பெற்ற மேடைப் பாடகர்கள் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கள் வகுப்பிலேயே பார்த்திருக்கக்கூடியவர்கள். யானாச்செக்கும் வாத்தியார் மகன்தான், புர்னோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர். இது தெரிந்தபின் அந்தக் குரல்கள் எனக்கு வேறு மாதிரிக் கேட்கின்றன.

கவிதையின் கடைசியில் மரிச்காவின் ஊரான ஸ்தாரே ஹம்ரியின் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் வருகிறது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கான இடம், சிலுவையும் பூவும் இல்லாமல்.

மெட்டையும் குரல்வளத்தையும் பற்றி எழுதும்போது பாட்டின் சொற்களையும் தமிழில் தாருங்கள். முழுக் கவிதைக்கு இடம் இல்லை என்றால், அந்த விறகுக் கேள்வி வரும் பத்தியையாவது செக் மொழி தெரிந்த ஒருவரிடம் பெயர்த்து வாங்கி அடுத்த இணைப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்