வாசித்தவர்கள் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் மின்னணு நடன இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் ஆல்பம் தயார் என்று அதில் ஒரு வரி. அதற்கு உதாரணமாக டாஃப்ட் பங்க் குழுவின் 'கெட் லக்கி' பாடலைச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அந்தப் பாடல் இடம்பெற்ற 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்தைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாரிஸ் நகரத்து நண்பர்கள் இருவர் சேர்ந்து நடத்திய குழு அது. 1997-ல் வந்த முதல் ஆல்பத்தை வீட்டிலேயே செய்தார்கள், பெயரே 'ஹோம்வொர்க்'. 2001-ல் வந்த 'டிஸ்கவரி'யில் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த சாம்பிள்கள் நிறைய உண்டு. கட்டுரையாளர் அந்தக் காலத்தை நினைத்து எழுதியிருந்தால் ஓரளவு புரிந்துகொள்ளலாம். ஆனால் ஓரிரு நொடித் துண்டைத் தேடிப் பிடித்து, அதை அறுத்து, வேறு பாட்டாக மாற்றுவதும் சும்மா வருகிற வேலை இல்லை.

'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' கதை வேறு. 2008-ல் தொடங்கிய ஆல்பம், 2013 மே மாதம்தான் வெளியானது. பழைய தட்டுகளில் இருந்து துண்டு எடுப்பதை விட்டுவிட்டு, அந்தக் காலத்துத் தட்டுகளில் வாசித்தவர்களையே ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். 13 பாடல்களில் கடைசிப் பாடலில் மட்டும்தான் சாம்பிள். 'கெட் லக்கி'யில் பாடிய ஃபாரெல் வில்லியம்ஸை எல்லோருக்கும் தெரியும். அதில் டிரம்ஸ் ஒமர் ஹக்கீம். பேஸ் கிதார் நேதன் ஈஸ்ட். நம்மை எழுந்து ஆட வைக்கிற அந்தக் கிதார், 'ஷீக்' என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸ் கை. உங்கள் கட்டுரையில் பாட்டின் பெயர் இருக்கிறது, இவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அந்த ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பாட்டு உண்டு. டிஸ்கோ இசையில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை முன்னுக்குக் கொண்டுவந்த ஜார்ஜியோ மொரோடர் அதில் பாடுவதில்லை, தன் இளமைக் கதையைப் பேசுகிறார். அந்தப் பேச்சைப் பதிவு செய்ய வெவ்வேறு காலத்து மைக்குகள் மூன்றை வைத்திருக்கிறார்கள். கதை எந்தக் காலத்தைச் சொல்கிறதோ அந்தக் காலத்து மைக். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதே என்று மொரோடரே கேட்டதற்கு, செய்கிறவர்களுக்குத் தெரியும் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் பதில் வந்ததாம். பேச்சு முடிந்த பிறகு ஹக்கீம் டிரம்ஸில் இறங்குவார் பாருங்கள், அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு யாரும் பட்டன் என்று சொல்ல மாட்டார்கள்.

13 பாடல்களும் ஒரே தரம் என்று நான் வாதாட வரவில்லை. நடுவில் இரண்டு மூன்று பாடல்கள் தொய்வுதான்.

இன்னொரு விஷயம். 2023 நவம்பரில் இதே ஆல்பத்தை டிரம்ஸ், தாளக் கருவிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். நடன ஆல்பத்தில் தாளம் இல்லாமல் என்ன மிஞ்சும் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் பாட்டைக் கேட்டதும் ஆச்சரியம். டிரம்ஸ் இல்லை, ஆனாலும் கால் தட்டுகிறது. கிதாரும் பேஸும் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அப்புறம் பழைய பதிவைப் போட்டால், அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த ஜான் ராபின்சன் உள்ளே வந்து எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு பெரிய இடத்தை நிரப்புகிறார் என்பது தெரிகிறது. கட்டுரையாளர் இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

2013-ல் நடந்த ஆல்பம் வெளியீட்டையும் நீங்கள் விளம்பரத் தந்திரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். விளம்பரம் ஏராளமாக நடந்தது, உண்மைதான். ஆனால் உலக வெளியீட்டு விழாவை லண்டனிலோ நியூயார்க்கிலோ வைக்கவில்லை; ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பருத்தி விளையும் வீ வா என்ற சிற்றூரில், வருடாவருடம் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் வைத்தார்கள். ஊர் மக்கள் தொகை 2,000 அளவில்தான். குழுவின் இருவரும் அங்கே போகவில்லை, பாட்டுதான் போனது.

2014 ஜனவரியில் இந்த ஆல்பத்துக்கும் 'கெட் லக்கி' பாடலுக்கும் சேர்த்து, ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து கிராமி விருதுகள். ஒலிப்பதிவுப் பொறியாளர்களுக்கான விருதும் அதில் ஒன்று. வழக்கம்போல் ரோபோ தலைக்கவசம் போட்டு வந்த குழுவின் இருவரும் மேடையில் வாய் திறக்கவில்லை. அவர்கள் சார்பில் பேசியது ஆல்பத்தில் உடன் வேலை செய்த பால் வில்லியம்ஸ் போன்றவர்கள். 2021 பிப்ரவரியில் குழு கலைந்துவிட்டது. ஆகவே இனி அவர்களிடமிருந்து இன்னொரு ஆல்பம் வரப்போவதில்லை.

கட்டுரையாளருக்கு இந்த இசை பிடிக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அது அவர் காது. நான் கேட்பது சின்ன விஷயம்தான். உங்கள் இதழில் எந்த ஆல்பத்துக்கு விமர்சனம் வந்தாலும், சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரி, விமர்சனத்துக்கு அடியில் இரண்டு வரி ஒதுக்கி, யார் என்ன வாசித்தார்கள், யார் ஒலிப்பதிவு செய்தார்கள் என்று போடுங்கள். மதிப்பெண் போடும் அந்த நட்சத்திரக் கட்டத்தைச் சின்னதாக்கினாலே அதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சி